புரொஜெஸ்டரோன் பெசரியா, எண்ணெய் ஊசியா? கொழும்பில் இரண்டு தடவை பாவித்துப் பார்த்த கதை

எங்கள் வீட்டு பிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் இந்த வருடம் பாதி நாள் முட்டை இருக்கவில்லை, பெசரிப் பெட்டிகள்தான் இருந்தன. மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற கிழமை ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது என்னத்துக்கு, இருமலுக்கோ?" என்று கேட்டார். ஓம் மாமி என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

நான் டொக்டர் இல்லை. 36 வயது, வெள்ளவத்தையில் வீடு, கோட்டையில் வேலை. சோதனைக்குழாய் முறையில் உருவாக்கி உறைய வைத்த எம்பிரியோவை, அதாவது ஆரம்பக் கருவை, இரண்டு தடவை கருப்பையில் வைத்தார்கள், முதல் தடவை ஏப்ரலில், அடுத்தது வருடக் கடைசியில். இரண்டுக்கும் புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன்தான், முதல் தடவை பெண்ணுறுப்புக்குள் வைக்கிற பெசரியாக மட்டும், அடுத்த தடவை அதோடு எண்ணெய் ஊசியாகவும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் எத்தனையோ பேர் இதே மருந்தை எடுக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்வதில்லை. நான் தமிழில் தேடிப் பார்த்தபோது கிடைத்ததெல்லாம் அன்னாசி சாப்பிடாதே, மாடிப்படி ஏறாதே வகைப் புத்திமதிகள்தான். அதனால் மருந்தைப் பற்றியும் சேவையைப் பற்றியும் என் அனுபவத்தை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைக் கேட்காதீர்கள், எழுத மாட்டேன். கொழும்பில் ஒரு தனியார் இடம், அவ்வளவு காணும். விலையும் எழுதவில்லை. டொலர் ஏறி இறங்குவதோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்குகிறது, ஒரே வீதியில் இரண்டு பார்மசியில் இரண்டு விலை. நாலு இடத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இந்த மருந்து எதற்கென்று எனக்கு முதல் தடவை யாரும் வடிவாகச் சொல்லவில்லை. சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் மஞ்சட் சடலம் என்று ஒன்று படித்திருப்பீர்கள். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி, புரொஜெஸ்டரோனைச் சுரந்து, கருப்பையின் லைனிங்கை, அதாவது உட்படையை, கருவைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவருவது அதுதான். உறைந்த எம்பிரியோவை ஹோர்மோன் சைக்கிளில், அதாவது மாதச் சுற்றை மருந்தால் நடத்தி, வைக்கும்போது அந்த மாதம் உங்கள் சூலகம் முட்டை விடுவதில்லை. முட்டை இல்லை என்றால் மஞ்சட் சடலமும் இல்லை, சொந்தப் புரொஜெஸ்டரோனும் இல்லை. முதலில் லைனிங்கைத் தடிக்க வைக்கிற எஸ்ட்ராடையோல் குளிசை, எனக்கு 2 மில்லிகிராம், நாளைக்கு மூன்று. லைனிங் 7 மில்லிமீற்றரைத் தாண்டினால்தான் பொதுவாகச் சரி என்கிறார்கள், எனக்கு ஸ்கானில் 8க்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதன் பிறகு புரொஜெஸ்டரோன். ஐந்து நாள் வளர்ந்த எம்பிரியோ என்றால் புரொஜெஸ்டரோன் தொடங்கிய ஆறாவது நாளில் வைப்பார்கள். கருப்பை கருவை ஏற்றுக்கொள்கிற காலம் சில நாட்கள்தான், அந்தக் கதவைத் திறக்கிற சாவி இந்த ஹோர்மோன். ஆகவே "எத்தனை மணிக்குத் தொடங்கினீங்க?" என்று நேர்ஸ் மூன்று தடவை கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் கேட்கத்தான் வேண்டும்.

கரு தங்கினாலும் உடனே மருந்தை நிறுத்த முடியாது. சூல்வித்தகம் அந்த வேலையைப் பொறுப்பெடுக்கும்வரை, வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு கிழமை வரைக்கும், எல்லாம் வெளியில் இருந்துதான் போகவேண்டும். இதை எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு கிழமைக்குரிய காசோடு போய் நின்றிருக்க மாட்டேன்.

இனிப் பெசரி. 400 மில்லிகிராம், காலையும் இரவும். சின்ன மெழுகு ரொக்கட் மாதிரி ஒரு சாமான், உள்ளே வைத்தால் உடம்புச் சூட்டில் உருகும். ஊசி குத்துவது போல நோவு இல்லை, யாருடைய உதவியும் தேவையில்லை, மருந்தும் நேரே கருப்பைக்குப் போகிறது, அதுதான் இதன் பலம். ஆனால் உருகினது வெளியே வரும். வெள்ளையாக, பசையாக, நாள் முழுக்க. வைத்துவிட்டு அரை மணித்தியாலம் படுத்திருங்கள் என்றார்கள். இரவில் சரி, காலையில் ஆறரைக்கு பஸ் பிடிக்கிறவள் அரை மணித்தியாலத்துக்கு எங்கே போவது? ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, வைத்துவிட்டுத் திரும்பப் படுத்தேன். பான்ரி லைனர் பெட்டி பெட்டியாகப் போகும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் வேலைக்குக் கொண்டுபோய் வைப்போம் என்று ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். காலி வீதி நெரிசலில் ஒன்றேகால் மணித்தியாலம். இறங்கிப் பார்த்தால் பைக்கட்டுக்குள் வெண்ணெய். அன்றிலிருந்துதான் முட்டைத் தட்டு.

பெசரியால் எரிவோ அரிப்போ வந்தால் சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். சில வகைகளைப் பின்பக்க வழியாகவும் வைக்கலாம், லீப்லெட்டிலேயே இருக்கிறது. என்னுடைய நேர்ஸ் இதைச் சொன்னது இரண்டாவது தடவையில்தான், அதுவும் ஏதோ திருட்டுச் சாமான் விற்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தி.

ஏப்ரலில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மார்ச் 30 இரவு தொடங்கினேன், பதினான்கு நாளைக்குத்தான் எழுதித் தந்தார்கள். இரத்தப் பரிசோதனை ஏப்ரல் 16. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். புத்தாண்டுக்குக் கொழும்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், சனம் எல்லாம் ஊருக்குப் போய் காலி வீதியில் கிரிக்கெட் விளையாடலாம் போல் கிடக்கும். வழமையாக வாங்கும் பார்மசி பூட்டு. நிலையத்தின் அவசரத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. இவர் ஸ்கூட்டரில் தெஹிவளை வரை போய், திரும்பி வந்து, கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் ஒரே ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் ஒரு வேளை தவறிவிட்டது. 16ஆம் தேதி முடிவு நெகட்டிவ். அந்த ஒரு வேளையால்தானா என்று எத்தனை இரவு யோசித்திருப்பேன். பிறகு டொக்டரிடம் கேட்டபோது, ஒரு வேளையில் அப்படி நடந்தது என்று சொல்ல முடியாது, அனேகமான நேரம் காரணம் எம்பிரியோவில்தான் என்றார். சரி. ஆனால் விடுமுறை வருவதை நாட்காட்டியில் பார்த்து "பத்து நாளைக்குக் கூடுதலாக எடுத்து வையுங்கோ" என்று சொல்ல ஒரு ஆள் அங்கே இல்லாமல் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. போயா விடுமுறை, தேர்தல், வெசாக் எதுவானாலும் நீங்களே எண்ணிப் பார்த்து வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. முடிவு வரும்வரை அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்கு எல்லா அறிகுறியும் இருந்தது. மார்பு நோவு, வயிறு ஊதல், மத்தியானம் மேசையில் தலை வைத்தால் நித்திரை. பெரியம்மாவின் மகள் "நிச்சயம் அதுதான்டி" என்றாள். அது இல்லை, மருந்துதான். புரொஜெஸ்டரோன் கொடுக்கிற அறிகுறியும் கர்ப்பத்தின் அறிகுறியும் ஒன்று. கரு தங்காவிட்டாலும் மருந்தை நிறுத்தும்வரை மாதவிடாய் தள்ளிப்போகலாம், அதனால் "இன்னும் வரவில்லையே" என்பதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டு வசனத்தை ஒரு துண்டில் அச்சடித்துத் தர எவ்வளவு செலவாகும்?

இரண்டாவது தடவை வேறு மாதிரி. எம்பிரியோ வைக்க முதல் நாள் இரத்தத்தில் புரொஜெஸ்டரோன் பார்த்தார்கள். எனக்கு மில்லிலீற்றருக்கு 7 நானோகிராம் சொச்சம், டொக்டர் 10க்கு மேல் இருக்க விரும்புகிறவர். பெசரி போட்டால் இரத்தத்தில் அளவு குறைவாகத்தான் காட்டும், கருப்பைக்கு நேரே போவதால் அது பரவாயில்லை என்று முன்பு நினைத்திருந்தார்களாம். ஆனால் அளவு மிகக் குறைந்தவர்களுக்குக் கரு தங்குவதும் குறைகிறது என்று பிறகு பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. அன்றைக்கே எண்ணெய் ஊசி சேர்த்தார்கள், 50 மில்லிகிராம், தினமும், பெசரியும் கூடவே. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 2021இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் உறைந்த எம்பிரியோ வைத்தவர்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். தினமும் ஊசி போட்டவர்களில் 44 வீதம் பிள்ளை பிறந்தது, பெசரியோடு மூன்று நாளைக்கு ஒருமுறை ஊசி போட்டவர்களில் 46, பெசரி மட்டும் பாவித்தவர்களில் 27. அவர்கள் கொடுத்த பெசரியின் அளவு என்னுடையதில் பாதி, ஆகவே அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் ஊசி சும்மா எழுதித் தந்ததில்லை என்று மனம் ஆறியது.

ஆனால் ஊசி ஊசிதான். எண்ணெயில் கரைத்த மருந்து, தடிப்பு, மெதுவாகத்தான் ஏறும். எங்கள் தொடர்மாடியில் நாலாம் மாடியில் இளைப்பாறிய நேர்ஸ் அன்ரி ஒருவர் இருக்கிறார், முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நின்றவர். இரவு எட்டரைக்குச் செய்தி முடிந்த கையோடு நான் மேலே போவேன். அவர் மருந்துக் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து, சப்பாத்தி மா உருட்டுகிற மாதிரி ஐந்து நிமிடம் உருட்டுவார். "குளிர் எண்ணெயைக் குத்தினால் கட்டி பிடிக்கும் பிள்ளை." மருந்தை உறிஞ்ச ஒரு தடித்த ஊசி, பிறகு அதைக் கழற்றிக் குத்துவதற்கு இன்னொன்று. பின்பக்கத்தின் மேல் வெளிப்புறம், இன்றைக்கு வலம் என்றால் நாளைக்கு இடம். குத்தின பிறகு நடக்கச் சொல்வார், அவருடைய வரவேற்பறையில் சுவாமிப் படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே பத்துத் தடவை. மூன்றாவது கிழமையில் இரண்டு பக்கமும் கல்லாகி, பஸ் இருக்கையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வேலைக்குப் போனேன். சுடுதண்ணீர்ப் போத்தல் ஓரளவுக்கு உதவும். கட்டி சிவந்து காய்ச்சலும் வந்தால் அது வேறு விசயம், உடனே காட்ட வேண்டும். எந்த எண்ணெய் என்றும் கேளுங்கள், சிலது நல்லெண்ணெயில் செய்தது, சிலது கச்சான் எண்ணெயில். கச்சான் ஒவ்வாத ஆட்கள் வாயைத் திறந்து சொல்லியே ஆகவேண்டும், யாரும் கேட்கப்போவதில்லை.

குளிசையாக எடுக்கிற வழியும் உண்டு, டைட்ரோஜெஸ்டரோன், டுபாஸ்டன் என்றால் எல்லாருக்கும் தெரியும். நான் பாவிக்கவில்லை, ஆகவே புள்ளி போட மாட்டேன். ஆனால் பெரியம்மாவின் மகள், முன்பு சொன்ன அவள்தான், வேறு இடத்தில் உறைய வைக்காத எம்பிரியோ வைத்தபோது 10 மில்லிகிராம் நாளைக்கு மூன்று எடுத்தாள். அந்த மாதிரிச் சைக்கிளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து 2017இல் வந்த பெரிய ஆய்வில் அது உள்ளே வைக்கிற புரொஜெஸ்டரோனுக்கு ஒன்றும் குறைந்ததாக இருக்கவில்லை. இவள் என்ன செய்தாள் என்றால், டொக்டரைக் கேட்காமல் தானே ஒரு லாப்பில் புரொஜெஸ்டரோன் பரிசோதித்துப் பார்த்து, அளவு கீழே கிடக்கிறது என்று ஒரு இரவு முழுக்க அழுதாள். சாதாரண புரொஜெஸ்டரோன் பரிசோதனையில் டைட்ரோஜெஸ்டரோன் தெரியாது. வேறு மூலக்கூறு. குளிசை வேலை செய்தாலும் றிப்போட்டில் காட்டாது. லாப்காரர் காசை வாங்கிக்கொண்டு றிப்போட்டைத் தந்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எஸ்ட்ராடையோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் கிழமை குமட்டலும் தலையிடியும், பிறகு பழகிவிட்டது. குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் கட்டின வரலாறு இருந்தால், உங்களுக்குக் கடுமையான ஒற்றைத் தலையிடி இருந்தால், படிவத்தில் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

இனி எனக்குக் கோபம் வந்த இடம். இரண்டாவது தடவை தொடங்க முன்பு காசு கட்டும் மேசையில் ஒரு பிள்ளை லமினேட் செய்த தாள் ஒன்றை நீட்டினாள். கருப்பையைச் சுரண்டி விடுவது, லைனிங் எந்த நாளில் தயார் என்று பார்க்கும் பரிசோதனை, ஸ்டீரொயிட் குளிசை, இன்னும் இரண்டு மூன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விலை. சாப்பாட்டுக் கடையில் "முட்டை போடவா, சீஸ் போடவா" என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். ஒருதரம் தோற்றுப்போன ஆள் இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்லுவாள்? எல்லாவற்றையும் போடு என்றுதான் சொல்லுவாள். நானும் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டேன், இவர்தான் "வீட்டை போய் யோசிச்சிட்டு வாறம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

அன்று இரவு தேடினேன். சுரண்டுவதை 1,364 பெண்களில் பரிசோதித்து 2019இல் வெளியிட்டிருக்கிறார்கள். செய்தவர்களிலும் 26.1 வீதம், செய்யாதவர்களிலும் 26.1 வீதம் பிள்ளை பிறந்தது. தசமப் புள்ளி வரைக்கும் ஒன்று. லைனிங் பரிசோதனையை 2022இல் 767 பேரில் பார்த்திருக்கிறார்கள். அது சொன்ன நேரத்தில் எம்பிரியோ வைத்தவர்களில் 58.5 வீதம் பிள்ளை பிறந்தது, வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9. ஸ்டீரொயிட் குளிசை, பல தடவை தோற்ற 715 பெண்களில், 2023இல். குளிசை எடுத்தவர்களில் 37.8 வீதம் பிள்ளை பிறந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 38.8, அதோடு ஸ்டீரொயிட் எடுத்தவர்களில் குறைமாதப் பிரசவமும் கூடியிருந்தது. இவ்வளவையும் போனில் எழுதிக்கொண்டுபோய் டொக்டரிடமே காட்டினேன். சிரித்துவிட்டு, "நான் உங்களுக்கு வற்புறுத்த மாட்டேன்" என்றார். வற்புறுத்த மாட்டீர்கள் சரி, பிறகு ஏன் அந்தத் தாள் மேசையில் கிடக்கிறது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவருடைய கையில்தான் என் எம்பிரியோ.

கரு தங்கட்டும் என்று கொடுத்த ஹோர்மோனே குழப்பின கதையும் உண்டு. உலகத்தின் முதல் சோதனைக்குழாய்ப் பிள்ளை லூயிஸ் பிறவுண் 1978 ஜூலை 25 பிறப்பதற்கு முன்னர், அதைச் செய்த ஆராய்ச்சிக்காரர்கள் பல பெண்களில் தோற்றார்கள். அப்போது கரு தங்குவதற்கென்று கொடுத்த ஒரு ஊசிதான் கெடுத்ததோ என்று பிறகு அவர்களே சந்தேகப்பட்டார்கள். வெற்றி கிடைத்தது சூலகத்தைத் தூண்டும் மருந்து இல்லாமல், இயற்கையான சைக்கிளில்.

அதை வாசித்த பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. எனக்கு மாதவிடாய் மணிக்கூடு மாதிரி, 28 நாள். சொந்தமாக முட்டை விடுகிறவளுக்கு இயற்கைச் சைக்கிளிலேயே எம்பிரியோ வைக்கலாமே? மஞ்சட் சடலமும் இருக்கும், மருந்தும் குறையும். மஞ்சட் சடலம் இல்லாத சைக்கிளில் கர்ப்பமானவர்களுக்கு இரத்த அழுத்தம் கூடுகிற பிரீஎக்லாம்ப்சியா ஆபத்து அதிகம் என்றும் பல ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டேன். "செய்யலாம்தான், ஆனால் உங்கள் முட்டை ஞாயிற்றுக்கிழமை வெடித்தால் எங்களுக்குத் திகதி பிடிக்க முடியாது" என்றார். நேர்மையான பதில். அதற்காக அவருக்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போடுகிறேன், ஆனால் கேட்டதற்குப் பிறகுதான் அந்தப் பதில் வந்தது என்பதற்காக அதைத் திரும்ப எடுத்துவிடுகிறேன்.

நல்லதையும் சொல்லவேண்டும். எம்பிரியோ வைக்கும் அன்று திரையில் அதைக் காட்டினார்கள், சவர்க்கார நுரைக் குமிழி மாதிரி. இரண்டு பேர் என் பெயரையும் பிறந்த திகதியையும் தனித்தனியாகக் கேட்டுச் சரி பார்த்தார்கள். சிங்கள மிஸ் ஒருவர், தமிழ் அவ்வளவாக வராது, "நங்கி, பய வென்ன எப்பா", தங்கச்சி பயப்படாதே, என்று கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். சம்மதப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்த குறையை அந்தக் கைதான் கொஞ்சம் ஈடுசெய்தது. எனக்கு ஆங்கிலம் வரும். எனக்கு முன்னால் நின்ற வத்தளை அம்மாவுக்கு வராது, அவர் எட்டுப் பக்கத்திலும் பார்க்காமலே கையெழுத்து வைத்தார். முடிந்து பத்து நிமிடத்தில் எழுந்து போகலாம் என்றார்கள். படுத்தே கிடப்பதால் கூடுதலாக ஒன்றும் நடக்காது, அதற்கும் ஆய்வு இருக்கிறது. திரீவீலில் வீட்டுக்கு வந்தோம், கிருலப்பனைப் பக்கம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பினோம், ஒன்றும் ஆகவில்லை.

இந்தத் தடவை பொசிட்டிவ். இன்று பத்தாவது கிழமை, இதயத்துடிப்பு இரண்டு தடவை பார்த்தாயிற்று, ஊசி ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஊசியால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், எம்பிரியோவும் வேறு, மாதமும் வேறு. ஆனால் திரும்ப ஒரு தடவை செய்ய வேண்டி வந்தால், முதலில் இயற்கைச் சைக்கிள் கேட்பேன், முடியாதென்றால் பெசரியோடு ஊசி, அதுவும் தினமும் வேண்டுமா, மூன்று நாளைக்கு ஒருமுறை காணுமா என்று கேட்டுவிட்டு. லமினேட் தாளில் இருக்கிற ஒன்றும் வேண்டாம். நிலையத்துக்கு ஐந்தில் மூன்று. நாலாம் மாடி அன்ரிக்கு ஐந்தில் ஐந்து, அவர் ஒரு சதமும் வாங்கவில்லை, ஒருநாள் கொண்டுபோன பால் பக்கற்றைக்கூடத் திருப்பி அனுப்பினார்.

போன வெள்ளிக்கிழமை யாழ்ப்பாண பஸ்ஸில் மாமி ஒரு பார்சல் போட்டுவிட்டிருந்தார். ஒடியல் மா, பினாட்டு, பழைய சாராயப் போத்தலில் செக்கில் ஆட்டின நல்லெண்ணெய். போத்தலில் ஒட்டியிருந்த துண்டில் நீலப் பேனையால் எழுதியிருந்தது: "இடுப்புக்கு. இளஞ்சூடாகப் பூசவும்."